குறுக்கும் நெடுக்கும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் குறுக்கெழுத்துப் புதிரின் ஒரே குறிப்பைப் பற்றியவை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சென்ற இதழ்ப் புதிரில் ‘ஒருவகை தியானத்தில் அடைபட்டவன் (2)’ என்று ஒரு குறிப்பு. விடை ‘கைதி’ என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் ‘ஒருவகைத் தியானம்’ என்று ஒற்று மிக வேண்டாமா அம்மா? முப்பது வருடமாகப் பிள்ளைகளின் ஒற்றுப்பிழையைத் திருத்துகிறவள் நான். உங்கள் குறிப்பைத் திருத்தினால் விடையே காணாமல் போகிறது!
(தமிழாசிரியை ஒருவர்)

பதில்: நீங்கள் சொல்வது சரி. தவறு என்னுடையது.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். குறிப்பின் முடிவில் அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்லும். விடையின் எழுத்துகள் குறிப்புக்குள்ளேயே வரிசை மாறாமல் ஒளிந்திருக்கும் வகை இது. ‘ஒருவகை தியானம்’ என்பதில் ‘கை’யும் ‘தி’யும் அடுத்தடுத்து நிற்கின்றன, சேர்த்தால் கைதி. ஆனால் இலக்கணப்படி எழுதினால் நடுவில் ‘த்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. கை, த், தி என்றாகிவிடுகிறது. அப்படி ஒரு சொல் கிடையாது.

என் நோட்டில் இடப்பக்கம் குறிப்பை எழுதுவேன். வலப்பக்கம் அந்தக் குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன வேலை என்று எழுதுவேன். வேலை இல்லாத சொல்லை அடித்துவிடுவேன். இந்தக் குறிப்புக்கு வலப்பக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இடப்பக்கத்தை ஒரு தமிழ் வாக்கியமாக வாசித்துப் பார்க்கத் தவறிவிட்டேன்.

‘புதிருக்காக ஓர் ஒற்றை விட்டால் என்ன, யாருக்கு நஷ்டம்?’ என்று எனக்குப் பரிந்து எழுதியவர்களும் உண்டு. அன்புக்கு நன்றி. ஆனால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. விடை தேடுகிறவர் கையில் இருப்பது அந்த ஒரு வரிதான். அதில் உள்ள எழுத்துகள் சரியான எழுத்துகள் என்று நம்பித்தான் அவர் தேடத் தொடங்குகிறார். எனக்கு வசதிப்பட்ட இடத்தில் ஒற்றை விழுங்குவேன், மற்ற இடத்தில் போடுவேன் என்றால் அவர் எதை நம்பித் தேடுவார்?

அதே விடைக்கு இப்போது வேறு குறிப்பு எழுதியிருக்கிறேன்:

பகை திரும்ப இடையில் மாட்டிக்கொண்டவன் (2)

பகை என்பது இங்கே எழுவாய். எழுவாயை அடுத்து வல்லினம் மிகாது. ஆகவே ‘பகை திரும்ப’ என்றுதான் எழுத வேண்டும், கை–திக்கு நடுவே எதுவும் நுழையாது. ‘மாட்டிக்கொண்டவன்’ என்பது நேர்ப்பொருள், ‘இடையில்’ என்பது ஒளிந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். டீச்சர், இதையும் சிவப்பு மையோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: குறிப்பைப் படித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: அந்தத் தலையிலும் வாலிலும்தான் தொடங்க வேண்டும். ஒரு நல்ல குறிப்பில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டுவதற்கான வழி. நேர்ப்பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும், நடுவில் இருக்காது. முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மாறி மாறிச் சந்தேகப்படுங்கள்.

ஒரு குறிப்பை உட்கார்ந்து பார்ப்போம்.

மீனவனுக்குத் தேவை தலைபோகிற கவலை (2)

படித்ததும் என்ன தோன்றுகிறது? மீனவனுக்கு ஏதோ பெரிய கஷ்டம், தலைபோகிற கவலை. வழக்கமாகப் பேசுகிற தொடர், அதனால் சந்தேகமே வராது. புதிர் ஆசிரியர் விரும்புவதும் அதைத்தான். இப்போது வாக்கியத்தை மறந்துவிட்டுச் சொற்களை ஒவ்வொன்றாக எடுங்கள். ‘தலைபோகிற’ என்பதை அப்படியே நம்புங்கள். தலை போகட்டும். எதன் தலை? அடுத்து நிற்கும் கவலையின் தலை. க–வ–லை என்பதில் தலையாக நிற்கும் ‘க’ போனால் ‘வலை’. இரண்டு எழுத்து. மீனவனுக்குத் தேவை வலை. முடிந்தது.

ஒரு சொல் கூட மீதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். விடை வந்த பிறகு இப்படித் திரும்பிப் போய் ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வேகம் அப்புறம் தானாக வரும்.

எழுத்துகளைக் கலைத்துப் போடும் குறிப்புகளுக்கு இன்னொரு வழி சொல்கிறேன். என் அப்பா செய்தித்தாளின் ஓரத்தில் அந்த எழுத்துகளை வட்டமாக எழுதுவார். வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணில் நிற்கும், வட்டத்தில் எழுதினால் அது கலைந்துவிடும் என்பார். இன்றுவரை நானும் அப்படித்தான். அதோடு தமிழ் நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ண, ழ, ள, ற, ன வரிசைகளும் சொல்லுக்கு முதலில் வரமாட்டா. கையில் ஐந்து எழுத்து இருந்து அதில் ஒன்று ‘ம்’, ஒன்று ‘ழ’ என்றால், முதல் கட்டத்துக்குப் போட்டியில் இருப்பவை மூன்றுதான். அந்த ‘ம்’ பெரும்பாலும் கடைசியில் போய் நிற்கும்.

கேள்வி: குறிப்பு நியாயமானதா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

பதில்: சட்டம் என்று ஒன்றும் இல்லை. எழுதுகிறவர்களும் விடை தேடுகிறவர்களும் பல வருடம் சண்டை போட்டுச் சேர்ந்த வழக்கம் இருக்கிறது.

குறுக்கெழுத்தின் தொடக்கம் 1913 டிசம்பர் 21. நியூயார்க் வேர்ல்ட் என்ற பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் சாய்சதுர வடிவில் ஒரு கட்டம் போட்டார். அதில் இருந்தவை நேரடிக் கேள்விகள்தான். சொல் விளையாட்டாகவே முழுப் புதிரும் அமைவது பிற்பாடு இங்கிலாந்தில் வளர்ந்தது. 1926 முதல் அப்சர்வர் பத்திரிகையில் தார்க்கமாடா என்ற புனைபெயரில் எழுதியவர் அதில் பெரிய பெயர். ஸ்பெயின் நாட்டு மத விசாரணைத் தலைவர் ஒருவரின் பெயர் அது. சித்திரவதைக்குப் பேர்போன ஆளின் பெயரை வைத்துக்கொண்டார் என்றால் புதிர்கள் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அபாரமான கற்பனை, ஆனால் விடை தேடுகிறவர் தம் பாதையில் வருகிறாரா என்ற கவலை அவருக்கு அதிகம் இருக்கவில்லை.

1939இல் அவர் இறந்த பிறகு அதே பத்திரிகையில் ஜிமெனஸ் என்ற பெயரில் மெக்நட் என்ற பள்ளி ஆசிரியர் வந்தார். இவர்தான் ஒழுங்கு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். 1966இல் அதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். ஆனால் எனக்குப் பிடித்த வாசகம் அவருக்கு முன்னால் 1949இல் அஃப்ரிட் என்ற புனைபெயர்க்காரர் எழுதிவைத்தது. அதன் கருத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: புதிர் எழுதுகிறவன், தான் சொன்னது போலவே நினைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

தலைபோகிற கவலையை இதில் வைத்துப் பாருங்கள். பெரிய துயரம் என்று நான் உங்களை நினைக்கவைத்தேன், நான் நினைத்தது அது அல்ல. அந்த அளவுக்கு எனக்கு உரிமை உண்டு. ஆனால் ‘முதல் எழுத்தை எடு’ என்று நான் நினைத்தது குறிப்பில் இருந்தாக வேண்டும். இருந்தது.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். விடுகதையைத் தொல்காப்பியம் ‘பிசி’ என்று தனி வகையாகவே வைத்திருக்கிறது. தண்டியலங்காரத்தின் சித்திரகவிப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை மறைத்துவைப்பது கரந்துறைச் செய்யுள். நாம் ‘ஒளிந்திருப்பது’ என்று சொல்லும் வகையின் அண்ணன் அது. ஒரு சொல்லில் எழுத்தைக் குறைத்துக்கொண்டே போய் வேறு வேறு பொருள் காட்டுவது அக்கரச் சுதகம். கவலை வலையானதும் அந்த வழியில்தான். கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். திருப்பிப் படித்தாலும் அதுவே வருவது மாலைமாற்று.

காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் பாடினாரே, அதில் ‘நஞ்சிருக்கும்’ என்று தொடங்குவார். பாம்புக்கு நஞ்சு இருக்கிறது. கனிந்த பழம் நைந்து, அதாவது நஞ்சு, இருக்கிறது. ஒரே எழுத்து வரிசை, இரண்டு பக்கமும் பொருள் பொருந்துகிறது. நியாயம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்தச் சொல்லைத்தான் காட்டுவேன்.

கேள்வி: ‘கால்’, ‘கொம்பு’ என்று எழுத்தைப் பிய்த்து எடுக்கும் குறிப்புகள் எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்து என்பது ஒலி. ‘பா’ என்பது ஒரே எழுத்து. அதன் காலை எப்படித் தனியாக வெட்டலாம்?
(கணக்காசிரியராக இருந்து ஓய்வு பெற்ற வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் வாதம் வலுவானதுதான். இலக்கணத்தில் எழுத்து முதலில் ஒலி, அப்புறம்தான் வடிவம். ஆனால் நம் புதிர் கட்டத்தில் எழுதப்படுவது. அங்கே நாம் வடிவத்தைத்தான் நிரப்புகிறோம். கால், கொம்பு, புள்ளி என்ற பெயர்களும் புதிருக்காக யாரோ கண்டுபிடித்தவை அல்ல. பிள்ளைகள் எழுதப் பழகும்போது ‘கானாவுக்குக் கால் போடு’ என்று சொல்லித்தான் பழகுகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் அதை நான் நியாயம் என்றே சொல்வேன்.

என் நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த குறிப்பே இந்த வகைதான்:

கொம்பை இழந்த மேடு ஆழமான இடம் (2)

மே என்பதில் இருக்கும் இரட்டைக் கொம்பை எடுத்துவிட்டால் ம. மேடு, மடுவாகிறது. மடு என்றால் ஆற்றிலோ குளத்திலோ ஆழமான இடம். மேடு ஒரு கோட்டை இழந்ததும் தனக்கு நேர் எதிராக மாறிவிடுகிறது பாருங்கள்! இது என் சாமர்த்தியம் இல்லை, மொழிக்குள் ஏற்கெனவே கிடந்தது. இதைக் கண்ட அன்று இரவு நான் தூங்கவில்லை.

இன்னொன்று: ‘காலை இழந்த வாரம் முனிவர் கொடுப்பது (3)’. காலை என்றதும் விடியல் நினைவுக்கு வரும். காலை, அதாவது துணைக்காலை, இழந்த வாரம் ‘வரம்’.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. தனியாகக் கண்ணுக்குத் தெரியும் குறியைத்தான் எடுக்கலாம். கு, மு, சு போன்றவற்றில் உகரக் குறி எழுத்தோடு கலந்துவிட்டது. அதைப் பிரித்து எடு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை ணா, றா, னா ஆகிய மூன்றுக்கும் தனிக்கால் கிடையாது, எழுத்தோடு ஒட்டிய சுழிதான். லை, னை போன்றவை துதிக்கை தூக்கி நிற்கும். அந்தக் காலத்து அச்சில் ‘கானா’வின் இரண்டாவது காலை ஒடி என்று யாராவது எழுதியிருந்தால் அது தவறாகியிருக்கும். இன்றைய அச்சில் சரி.

கேள்வி: வேறொரு இடத்தில் பார்த்த குறிப்பு: ‘கதவை உடைத்தால் நேர்மை (3)’. விடை ‘தகவு’ என்கிறார்கள். நியாயமா?

பதில்: முக்கால் பங்கு நியாயம். க, த, வு ஆகிய எழுத்துகளைக் கலைத்தால் தகவு. அழகான கண்டுபிடிப்பு. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் ‘தக்கார் தகவிலர்’ என்கிறாரே, அந்தத் தகவு. நேர்மை என்ற பொருளும் சரி.

குறை எங்கே? குறிப்பில் ‘கதவு’ என்று இல்லை, ‘கதவை’ என்று இருக்கிறது. க, த, வை. சொன்ன எழுத்துகளைக் கலைத்தால் தகவு வராது. வேற்றுமை உருபு தமிழில் தனியாக நிற்காது, சொல்லோடு ஒட்டி அதன் கடைசி எழுத்தையே மாற்றிவிடும். கதவு ‘கதவை’ ஆகும், மரம் ‘மரத்தை’ ஆகும், வீடு ‘வீட்டை’ ஆகும். நம் மொழியில் புதிர் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேறு இல்லை. தமிழ்க் குறிப்பு எழுதுகிறவரின் திறமையை நான் இந்த ஓர் இடத்தில் வைத்துத்தான் எடை போடுகிறேன். உருபு ஒட்டினாலும் மூலச்சொல் அப்படியே நின்றால் பரவாயில்லை. ‘கம்பிக்குள்’ என்பதில் கம்பி முழுசாக இருக்கிறது. கடைசி எழுத்து மாறிவிட்டால் வாக்கியத்தைத் திருப்பி எழுத வேண்டியதுதான்.

கதவு உடைந்தால் தெரியும் நேர்மை (3)

கதவை எழுவாயாக்கிவிட்டேன். எழுவாய்க்கு உருபு இல்லை. சிக்கல் தீர்ந்தது, குறிப்பும் முன்னைவிட நன்றாக வாசிக்கிறது.

இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்திருக்கிறேன்: ‘வாசலில் மூடியிருப்பது உடைந்தால் நேர்மை’. கதவு என்ற சொல்லே இல்லை. முதலில் கதவை ஊகிக்க வேண்டும், பிறகு அந்த ஊகத்தைக் கலைக்க வேண்டும். கலைக்கச் சொல்கிற எழுத்துகள் குறிப்பில் கண்ணெதிரே இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கேள்வி: என் விடையும் பொருந்துகிறது, வெளியான விடையும் பொருந்துகிறது. எனக்கு மதிப்பெண் உண்டா?

பதில்: உண்டு. குற்றம் குறிப்பு எழுதியவருடையது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று. ‘வார நாள் ஒன்று, வானத்திலும் தெரியும் (4)’. திங்களா? நாலு எழுத்து. செவ்வாய்? நாலு எழுத்து. வியாழன்? அதுவும் நாலு. மூன்றும் வானத்தில் கண்ணுக்குத் தெரிபவை. சரி, (3) என்று போடலாமா? ஞாயிறு, புதன், வெள்ளி என்று அங்கேயும் மூன்று வந்து நிற்கும். (2) என்று போட்டால் மட்டுமே தப்பிக்கலாம், சனி ஒன்றுதான்.

குறுக்கே வரும் எழுத்து தீர்த்துவைக்காதா என்று கேட்பீர்கள். தீர்க்கும். நம்மிடம் 247 எழுத்து இருப்பதால், குறுக்கே கிடைக்கும் ஓர் எழுத்து ஆங்கிலத்தின் 26இல் ஒன்றைவிட எவ்வளவோ அதிகம் சொல்லிவிடும். அதனால்தான் தமிழ்க் கட்டங்களில் சந்திப்புகள் குறைவாக இருந்தும் சமாளிக்கிறோம். என்றாலும் குறிப்பு தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். சந்திப்பு எழுத்து விடையை உறுதிப்படுத்தலாம், தேர்ந்தெடுக்கும் வேலையை அதன் தலையில் கட்டக்கூடாது.

கேள்வி: ‘காதில் விழுந்தால்’ என்று வரும் ஒலிக் குறிப்புகளில் மழை–மலையைச் சேர்க்கலாமா? பலர் ஒரே மாதிரிதானே சொல்கிறார்கள்?

பதில்: கூடாது. ழ, ல, ள மூன்றையும் பிரித்துச் சொல்கிறவர்கள் ஏராளம். சரியாகச் சொல்கிறவரைத் தண்டித்து, தவறாகச் சொல்கிறவருக்குப் பரிசு கொடுக்கிற குறிப்பு நியாயமாகாது. ர, ற விஷயம் வேறு. இரட்டிக்காத இடங்களில் இன்று பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அரம்–அறம் சேர்க்கலாம்.

ஆனால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. ‘இரும்பைத் தேய்க்கும் கருவி, கேட்டால் தருமம் (3)’ என்று நான் ஒருமுறை எழுதி மகிழ்ந்தேன். கேட்டால் தருமம் கிடைக்கும் என்ற தோற்றம் நன்றாக இருக்கிறது, இல்லையா? பிறகு வலப்பக்கம் எழுதும்போதுதான் கை நின்றது. ‘கேட்டால்’ நடுவில் நிற்கிறது. விடை அரமா, அறமா? இரண்டுக்கும் மூன்று எழுத்து, இரண்டையும் நியாயப்படுத்தலாம். அதை வெளியிடவில்லை. ‘தருமம் என்பது காதில் விழும் கருவி’ என்று மாற்றினேன். ‘விழும்’ என்ற பெயரெச்சம் தனக்குப் பின்னால் நிற்கும் கருவியைத்தான் பற்றும். ஆகவே ஒலிக்கு உரியது கருவி, விடை தருமம், அதாவது அறம். அழகு கொஞ்சம் குறைந்துவிட்டது. பரவாயில்லை.

கேள்வி: நிகண்டில் மட்டுமே இருக்கும் பொருள்களைப் போட்டுக் கொல்கிறார்களே!

பதில்: பழைய சொல் வருவதில் தவறில்லை. ‘வாரணம்’ என்றால் யானை, கோழி, சங்கு என்று பல பொருள் உண்டு. புதிர் வழியாக ஒருவர் அதைத் தெரிந்துகொண்டால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அரிய சொல்லை விடையாக வைத்தால், அதைக் கட்டும் வழி எளிதாக இருக்க வேண்டும். எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லை உருவாக்கிவிட்டு, அகராதியில் பார்த்து ‘அட, இருக்கிறதே’ என்று சொல்லும்படி அமைய வேண்டும். வழியும் இருட்டு, சொல்லும் இருட்டு என்றால் அங்கே புதிரே இல்லை. தெரிந்த சொல்லுக்கு வழியை எவ்வளவு வேண்டுமானாலும் வளைக்கலாம்.

கேள்வி: அகராதி பார்ப்பது ஏமாற்று வேலையா?

பதில்: இல்லவே இல்லை. நானும் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: நானே இரண்டு குறிப்பு எழுதியிருக்கிறேன். தயவு பார்க்காமல் தீர்ப்பு சொல்லுங்கள். ஒன்று: ‘அழகான குதிரைக்குத் தலை போனால் நாடகம் தொடங்கும் (2)’. இரண்டு: ‘பேச்சு பிறக்கும் இடத்தில் பேனா கசியவிட்டது உண்மை (3)’.
(கல்லூரி மாணவி)

பதில்: தயவு பார்க்காமலே சொல்கிறேன்.

முதல் குறிப்பில் குதிரையின் தலையை எடுத்துத் திரை கண்டது நல்ல கண். ஆனால் ‘அழகான’ என்ற சொல்லுக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. வாக்கியத்துக்கு அழகு சேர்க்க வந்தது, விடை தேடுகிறவரை அரை மணி நேரம் அலைக்கழிக்கும். அடித்துவிடுங்கள். அடுத்து, ‘நாடகம் தொடங்கும்’ என்பது திரையின் பொருளா? திரை விலகினால் நாடகம் தொடங்கும், அவ்வளவுதான். தொடர்பு இருக்கிறது, பொருள் இல்லை. விடை பெயர்ச்சொல் என்றால் நேர்ப்பொருளும் பெயராக இருக்க வேண்டும். விடையை எடுத்து நேர்ப்பொருள் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள், இடித்தால் தவறு. திரைக்கு அலை என்ற பொருளும் உண்டு. அதை வைத்து இப்படி எழுதலாம்: ‘குதிரை தலைதெறிக்கக் கடலில் எழுவது (2)’. தலைதெறிக்க ஓடுவது என்று நாம் தினமும் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது குறிப்பு பிரமாதம். வாய், மை, வாய்மை! பேனா கசியவிட்டது மை என்பதைப் படித்து இரண்டு முறை சிரித்தேன். ஒரே ஒரு உருபைத்தான் குறை சொல்வேன். ‘இடத்தில்’ என்றால் மை வாய்க்கு உள்ளே போக வேண்டும், வா–மை–ய் என்று ஆகும். நீங்கள் அதைப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். ‘இடத்தருகே’ என்று மாற்றுங்கள்: ‘பேச்சு பிறக்கும் இடத்தருகே பேனா கசியவிட்டது உண்மை (3)’. இந்தத் திருத்தத்தோடு அடுத்த இதழ்ப் புதிரில் இதைச் சேர்த்துக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். உங்கள் பெயர் போட வேண்டுமா, புனைபெயரா என்றும் எழுதுங்கள்.

கேள்வி: எனக்குப் பத்து வயது. பெரியவர்கள் புதிர் கஷ்டமாக இருக்கிறது. எனக்கு மட்டும் ஒன்று தாருங்கள்.

பதில்: தருகிறேன், கண்ணு. எழுத்துகள் எல்லாம் உன் கண்முன்னே இருக்கின்றன, ஒன்றையும் கலைக்க வேண்டாம். அம்மாவிடம் கேட்காதே.

நாமே கம்பிக்குள் அடைத்தது மழை தருவது (3)